போக்கோ எஃப்1-ல லினக்ஸ் போட்டா ஜியோ சிம்ல கால் பேச முடியுமா?

மாட்டுத்தாவணி_மணி
ஞாயிறு, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம், இங்க எனக்கு இது முதல் பதிவு, ஏதாச்சும் தப்பா கேட்டா பொறுத்துக்கோங்க.

வீட்ல ஒரு போக்கோ எஃப்1 சும்மா கெடக்கு. 2018 தீபாவளிக்கு அப்பா வாங்கினது, 6 ஜிபி ரேம், 64 ஜிபி. நடுவுல பைக்ல போறப்ப கீழ விழுந்து டிஸ்ப்ளே போயி கடைல குடுத்து மாத்துனோம், அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு. இப்ப அப்பா வேற போன் வாங்கிட்டாரு, இது பீரோவுக்குள்ள தூங்குது. ஆண்ட்ராய்டு 10-ஓட அப்டேட்டும் நின்னுபோச்சு. எக்ஸ்சேஞ்ச்ல போட்டா குடுக்குற காசப் பாத்தா அழுகை வருது, அதுக்கு நம்மளே வச்சுக்கலாம்னு தோணுச்சு.

காலேஜ்ல லினக்ஸ் பேப்பர் இருக்கு, என் லேப்டாப் 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10, கூட ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடுறது) ஓட்டுனா ஃபேன் சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்களே எந்திரிச்சு வந்துருவாங்க. இந்த போன்ல ஆண்ட்ராய்ட தூக்கிட்டு நிஜ லினக்ஸே போடலாம்னு யாரோ சொன்னாங்க, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், உபுண்டு டச் அப்டின்னு ரெண்டு பேரு கண்ணுல பட்டுச்சு, எது என்னன்னு வெளங்கல.

எனக்கு வேணும்கிறது இதுதான். லினக்ஸ் கமாண்ட் பழகணும். ஜியோ சிம் போட்டு ரெண்டாவது போனா வச்சுக்கணும். முடிஞ்சா டிவில மாட்டி கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டணும். மூணும் நடக்குமா? போன் செத்துப்போற ஆபத்து எவ்ளோ? அப்பாவுக்கு இன்னும் சொல்லல.

---

தூசிதட்டி
ஞாயிறு, இரவு 11:48

மணி, மூணுல ஒண்ணு நடக்கும். மத்த ரெண்டையும் இப்பவே மறந்துரு, அப்பத்தான் பின்னாடி மனசு கஷ்டப்படாது.

மொதல்ல ஜியோ விஷயம், ஏன்னா தலைப்புலயே அதான் கேட்டுருக்க. ஜியோ 2016 செப்டம்பர்ல ஆரம்பிச்சதே 4ஜி மட்டும் வச்சுத்தான், அவங்களுக்கு 2ஜி, 3ஜி டவரே கெடையாது. அதனால ஜியோல கால்னாலே வோல்ட்டி தான், அதாவது பேச்சும் டேட்டா மேல தான் போகுது. அந்த வோல்ட்டிய போன்ல ஓட்டுறது மோடத்துக்கு மேல கம்பெனிக்காரங்க எழுதி வச்ச மூடுன சாஃப்ட்வேர். லினக்ஸ் போட்டா அது கூட வராது. நெட் வரும், ஏபிஎன்-ல (மொபைல் டேட்டா செட்டிங்) ஜியோநெட்னு போட்டா போதும், கால் வராது. 2ஜி இன்னும் ஓடுற சிம்மா இருந்தா கால் கீழ 2ஜிக்கு எறங்கி வர்ற வாய்ப்பு இருக்கு, ஆனா அதையும் நம்பி வீட்ல ஒரே போனா வச்சுக்காத. ஓடிபி வர்ற சிம்ம சத்தியமா இதுல போட்டுறாத.

டிவி: எஃப்1-ல இருக்குற டைப்-சி ஓட்டை வெறும் யூஎஸ்பி 2.0. அதுல படம் வெளிய வர்ற வயரே கெடையாது, எந்த ஓஎஸ் போட்டாலும் எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேலை செய்யாது. அந்த கன்வெர்ட்டர நான் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கேன், யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க.

லினக்ஸ் பழகுறது: இதுக்கு இத விட நல்ல பழைய போன் நம்ம ஊர்ல சுலபத்துல கெடைக்காது. அதுக்குக் காரணம் உள்ள இருக்குற ஸ்னாப்டிராகன் 845. அதே சிப்ப வச்சு டெவலப்பர்களுக்குன்னு டிராகன்போர்டு 845சி-ன்னு ஒரு போர்டு வந்துச்சு, லினாரோங்கிற அமைப்போட ஆளுங்க அதுக்காக உக்காந்து கர்னல் (ஓஎஸ்-க்கு அடியில ஹார்டுவேர ஓட்டுற பகுதி) வேலை பாத்தாங்க, அது நேரா மெயின்லைன் கர்னல்ல, அதாவது எல்லாருக்கும் பொதுவான மூல லினக்ஸ் கர்னல்ல போயி சேந்துருச்சு. அந்த புண்ணியத்துல இந்த சிப் இருக்குற ஒன்பிளஸ் 6, எஃப்1 ரெண்டும் பொழச்சுருச்சு. உன் போன்ல இப்ப ஓடுறது 4.9 கர்னல், 2016-ல வந்தது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போட்டா லேப்டாப்ல வர்ற மாதிரி புது கர்னல் ஓடும். கிராஃபிக்ஸுக்கும் ஃப்ரீட்ரினோன்னு திறந்த டிரைவர் இருக்கு, ஸ்க்ரோல் எல்லாம் வழுக்கிட்டுப் போகும்.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்-ங்கிறது 2017-ல ஆரம்பிச்சது, அடியில ஆல்பைன் லினக்ஸ். ஒரு போன் 10 வருஷமாவது ஓடணும்கிறது தான் அவங்க ஆரம்பத்துல சொன்னது. கேமராவ கணக்குலயே சேக்காத. பேட்டரியும் ஆண்ட்ராய்டு மாதிரி தூங்கத் தெரியாம நைட்டோட நைட்டா காலியாகும். வைஃபை நல்லா வரும், எஸ்எஸ்ஹெச் (வேற கம்ப்யூட்டர்ல இருந்து உள்ள நுழைஞ்சு கமாண்ட் குடுக்குறது) வரும், ஃபயர்ஃபாக்ஸ் ஓடும், 6 ஜிபி ரேம் உன் லேப்டாப்ப விட ஜாஸ்தி, அத யோசிச்சுப் பாரு.

ஆபத்து பத்தி கேட்ட. ஃபாஸ்ட்பூட்டுக்குள்ள, அதாவது கம்ப்யூட்டர்ல இருந்து ஓஎஸ் ஏத்துற மோடுக்குள்ள, போக முடியிற வரைக்கும் போன் சாகல. அந்த ஒரு வரிய மனசுல வச்சுக்கோ, பயம் பாதி போயிரும்.

---

வேலையப்_பாருப்பா
திங்கள், காலை 7:30

எதுக்குங்க இவ்ளோ சுத்தி வளைச்சு? கமாண்ட் பழகுறதுக்கு போனையே அழிக்கணுமா? டெர்மக்ஸ் போடு, ஆண்ட்ராய்டுக்குள்ளயே லினக்ஸ் டெர்மினல் தர்ற ஆப், அஞ்சு நிமிஷம், ரூட் (போனோட முழு அதிகாரம்) வேணாம், அன்லாக் (பூட்லோடர் பூட்ட தொறக்குறது) வேணாம். பைத்தான் வரும், கிட் வரும், எஸ்எஸ்ஹெச் சர்வர் 8022 போர்ட்ல ஓடும், ப்ரூட்னு ஒரு டூல் வச்சு உள்ளயே டெபியன் கூட எறக்கிக்கலாம். ஆனா ப்ளே ஸ்டோர்ல இருந்து எடுக்காத, எஃப்-டிராய்ட்னு இருக்குற ஓப்பன் சோர்ஸ் ஆப் ஸ்டோர்ல இருந்து எடு. பேட்டரி செட்டிங்ல அதுக்கு மட்டும் கட்டுப்பாட எடுத்துரு, இல்லைன்னா ஸ்கிரீன் அணைஞ்ச கொஞ்ச நேரத்துல ஆண்ட்ராய்டு அத கழுத்த நெரிச்சுரும்.

அப்புறம் ஒரு விஷயம், ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுறதும் லினக்ஸ் கர்னல் தான். "நிஜ லினக்ஸ்"னு எல்லாரும் சொல்றது கேக்கவே காமெடியா இருக்கு. போன் காலும் வேணும், ஜியோவும் வேணும்னா லீனியேஜ்ஓஎஸ் (ஆண்ட்ராய்டோட இன்னொரு வடிவம்) போட்டு ஜாலியா இரு தம்பி. உன்ன மாதிரி ஆரம்பிச்ச நாலு பேர எனக்குத் தெரியும், நாலு பேரும் ஒரு வாரம் ஸ்கிரீன்ஷாட் போட்டாங்க, எட்டாவது நாள் போன் மறுபடி பீரோவுக்குள்ள.

---

லோமிரி_ரசிகன்
திங்கள், மதியம் 1:05

மேல ரெண்டு பேரும் உபுண்டு டச்ச விட்டுட்டீங்களே. மணி, நீ பாத்த ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் வித்தியாசம் வெறும் பேர்ல இல்ல, உள்ள ஓடுற விதமே வேற.

உபுண்டு டச்ச 2013-ல கேனானிக்கல் அறிமுகப்படுத்துனாங்க, 2017 ஏப்ரல்ல கைவிட்டாங்க. அப்ப யூபிபோர்ட்ஸ்னு தன்னார்வலர் கூட்டம் எடுத்து நடத்த ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் அவங்க தான். இதுல போனோட பழைய ஆண்ட்ராய்டு கர்னலும் டிரைவர்களும் அப்டியே இருக்கும், அத ஒரு கன்டெய்னர்ல ஓரமா ஓட விட்டு மேல உபுண்டு உக்காந்துக்கும். ஹாலியம்னு பேரு அந்த ஏற்பாட்டுக்கு. வாடகை வீட்ல குடி போற மாதிரி, ஓனரோட மோட்டார், ஓனரோட ஒயரிங், நம்ம சாமான் மட்டும் உள்ள. அதனால கேமரா, சென்சார் எல்லாம் ஹாலியம்ல சட்டுனு வேலை செய்யும். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்-ஓட மெயின்லைன் வழி அப்டி இல்ல, பழைய வீட்ட இடிச்சுட்டு அஸ்திவாரத்துல இருந்து கட்டுறது. நல்லா நிக்கும், ஆனா கேமரா ரூம் இன்னும் கட்டல.

போன் மாதிரி கையில வச்சுப் பாக்கணும்னா உபுண்டு டச். எஃப்1-க்கு போர்ட் இருக்கு, யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர் விண்டோஸ்லயே ஓடும், கிளிக் பண்ணிட்டே போகலாம். இதுலயும் ஜியோ கால எதிர்பாக்காத, வோல்ட்டி வர்றது விரல் விட்டு எண்ணுற சில மாடல்ல தான். வேடிராய்டு போட்டா ஆண்ட்ராய்டு ஆப்ஸ் ஓடும், ஆனா யூபிஐ ஆப்ஸ் அதுல முரண்டு பிடிக்கும், சிம்ம நேரா பாக்கணும் எஸ்எம்எஸ் அனுப்பணும்னு கேக்கும், அது கன்டெய்னருக்குள்ள இருந்து நடக்காது.

வேலையப் பாருப்பா சார், கர்னல் லினக்ஸ் தான், ஒத்துக்குறேன். ஆனா 4.9-லயே கட்டிப்போட்ட கர்னலும் இன்னிக்கு வர்ற கர்னலும் ஒண்ணா? அதுக்கு மேல என்ன ஓடுதுன்னு தானே அவன் கேக்குறான்.

---

மாட்டுத்தாவணி_மணி
திங்கள், இரவு 9:20

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜியோ மேட்டர் தெரியாமலே போயிருந்தா அம்மா கூப்ட்டு கால் போகாம வீட்ல பெரிய பஞ்சாயத்தே ஆகியிருக்கும்.

யோசிச்சுப் பாத்தேன், ரெண்டாவது போன் ஆசைய விட்டுட்டேன். ஆனா வீட்ல எல்லார் போன்லயும் போட்டோ நிறைஞ்சு தினமும் அம்மா "மெமரி ஃபுல்"னு காட்டிட்டே இருக்காங்க, இந்த போன வைஃபை ரௌட்டர் பக்கத்துல வச்சு எல்லார் போட்டோவும் அதுல வந்து சேர்ற மாதிரி பண்ண முடியுமா? கரண்ட் போனாலும் இதுல பேட்டரி இருக்குல்ல, அது ஒரு வசதி. அப்டின்னா போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் தானே சரி? டெர்மக்ஸும் போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆண்ட்ராய்டு 10 பேட்ச் எதுவும் வராம எப்பவும் நெட்லயே இருக்கறது பயமா இருக்கு.

தூசிதட்டி ப்ரோ, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு மட்டும் சொல்லுங்க.

---

தூசிதட்டி
திங்கள், இரவு 11:15

ப்ரோ இல்ல, அக்கா.

போட்டோ சேக்குறதுக்கு இது அருமையான வேலை. சின்க்திங் போட்டா போதும், ரெண்டு போன்லயும் ஒரு ஃபோல்டர ஒரே மாதிரி வச்சுக்குற சாஃப்ட்வேர், பெரிய சர்வர் எல்லாம் வேணாம்.

மொதல் வேலை அன்லாக், அதுக்கு உன் விண்டோஸ் லேப்டாப் வேணும். போன்ல டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல போயி எம்ஐ அன்லாக் ஸ்டேட்டஸ்ல அக்கவுண்ட சேரு. அந்த நேரத்துல சிம் உள்ள இருக்கணும், வைஃபைய அணைச்சுட்டு மொபைல் டேட்டால பண்ணு. அப்புறம் எம்ஐ அன்லாக் டூல்ல மாட்டுனா 168 மணி நேரம் கழிச்சு வாங்கும், அதாவது 7 நாள். அந்த ஏழு நாளும் அக்கவுண்ட லாக்அவுட் பண்ணி லாகின் பண்ணி விளையாடாத. அன்லாக் ஆகுறப்ப போன் மொத்தமும் அழிஞ்சுரும். அதனால அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லு, பழைய போட்டோ, வாட்ஸ்அப் எதாச்சும் கெடக்கான்னு பாத்து எடுத்துக்க.

அன்லாக் ஆனதும் நேரா லினக்ஸ ஏத்தாத. மொதல்ல டிடபிள்யூஆர்பி ரெக்கவரி (ஓஎஸ் இல்லாமலே ஓடுற பேக்கப், ரிப்பேர் மெனு) போட்டு, அதுல இஎஃப்எஸ், பெர்சிஸ்ட்ங்கிற ரெண்டு பார்ட்டிஷனையும் பேக்கப் எடுத்து பென்டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு போட்டு வை. ஐஎம்இஐ நம்பரும் சிக்னல் செட்டிங்கும் அதுக்குள்ள தான் இருக்கு. ஒவ்வொரு போனுக்கும் அது தனி, தொலைஞ்சா வேற ஒருத்தன் ஃபைல வாங்கி ஒட்ட முடியாது. எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப் இது. நானும் தாண்டுனேன், இப்ப என்னோட எஃப்1-க்கு ஐஎம்இஐ கெடையாது. சர்வரா தான் ஓடுது, பரவால்ல.

ரெக்கவரில இருக்குறப்பவே இன்னொரு வேலை. எஃப்1-ல ரெண்டு கம்பெனி டிஸ்ப்ளே வந்துச்சு, தியான்மா, ஈபிபிஜி. வெளிய பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆண்ட்ராய்டு ரெண்டையும் தானா கண்டுபிடிச்சுக்கும், ஆனா போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ல ரெண்டுக்கும் தனித்தனி இமேஜ். ஏடிபி ஷெல்லுக்குள்ள (லேப்டாப்ல இருந்து போனுக்கு கமாண்ட் குடுக்குற இடம்) போயி ப்ராக் ஃபோல்டர்ல இருக்குற சிஎம்டிலைன் ஃபைல கேட்-னு குடுத்துப் பாரு, நீளமா ஒரு வரி வரும், அதுக்குள்ள தியான்மான்னோ ஈபிபிஜின்னோ எழுதியிருக்கும்.

இன்னும் ஒண்ணு. எப்பவாச்சும் திரும்ப ஆண்ட்ராய்டுக்கு வரணும்னு எம்ஐ ஃப்ளாஷ் டூல தொறந்தா, கீழ "கிளீன் ஆல் அண்ட் லாக்"-ன்னு தானாவே டிக் ஆகியிருக்கும். அத "கிளீன் ஆல்"-னு மாத்திட்டுத் தான் பட்டன அமுக்கணும். லாக் ஆயிட்டா மறுபடி அன்லாக் டூல் கிட்ட போயி நிக்கணும், ரோம் (போன்ல ஏத்துற ஓஎஸ் ஃபைல்) பொருந்தாம லாக் ஆச்சுன்னா போன் ஆன் ஆகவே ஆகாது.

---

மாட்டுத்தாவணி_மணி
மறு வாரம் புதன், இரவு 12:40

அக்கா, சாரி அக்கா, அன்னிக்கு தெரியாம சொல்லிட்டேன்.

ஏழு நாள் காத்திருந்து அன்லாக் ஆயிருச்சு, பேக்கப் எடுத்துட்டேன். ஒரு நாள் பூரா என்ன பிரச்சனைன்னா போன் ஃபாஸ்ட்பூட்ல போகுது, அந்த முயல் படம் வருது, ஆனா ஃபைல் அனுப்ப ஆரம்பிச்ச உடனே ஸ்கிரீன் கறுப்பாகி மூலைல எறும்பு சைஸ்ல "பிரஸ் எனி கீ டு ஷட்டவுன்"-னு வந்து நிக்குது. மூணு கேபிள் மாத்திட்டேன், டிரைவர அழிச்சு அழிச்சு போட்டேன். கடைசில மாமா கடைல இருக்குற பழைய டெஸ்க்டாப்ல மாட்டுனேன், மொத தடவையே ஏறிடுச்சு!! ஏன்னே தெரியல.

சரின்னு ரெடி இமேஜ் எறக்கி ரூட்எஃப்எஸ்ஸ (ஓஎஸ் முழுசும் இருக்குற ஃபைல்) யூசர்டேட்டா பார்ட்டிஷன்ல ஃப்ளாஷ் பண்ணி, பூட் இமேஜையும் போட்டு, ரீபூட் குடுத்தா போக்கோ லோகோலயே நிக்குது. 40 நிமிஷமா நிக்குது. அப்பா வந்து "என்னடா ஆச்சு"ன்னு கேட்டாரு, அப்டேட் ஆகுதுன்னு சொல்லி வச்சிருக்கேன். எதாச்சும் பண்ணுங்க.

---

லோமிரி_ரசிகன்
புதன், இரவு 12:58

உன் லேப்டாப்ல ஏஎம்டி ரைசன் சிப்பா? ரைசன் மெஷின்ல யூஎஸ்பி 3 போர்ட்ல இந்த ஃபாஸ்ட்பூட் தகராறு அடிக்கடி வரும். பழைய யூஎஸ்பி 2 போர்ட்ல மாட்டுனா இல்ல நடுவுல ஒரு யூஎஸ்பி 2 ஹப் வச்சா சரியாயிரும். மாமா கடை டெஸ்க்டாப் அதான் காப்பாத்துச்சு.

லோகோல நிக்கிறதுக்கு காரணம் டிடிபிஓ பார்ட்டிஷன். ஆண்ட்ராய்டோட பழைய டிவைஸ் ட்ரீ (ஹார்டுவேர் வரைபடம்) துண்டு அந்த பார்ட்டிஷன்ல இருக்கும், பூட்லோடர் அத எடுத்து புது கர்னலோட வரைபடம் மேல ஒட்டப் பாக்கும், ரெண்டும் பொருந்தாம முட்டிக்கிட்டு நிக்கும். ஃபாஸ்ட்பூட் இரேஸ் டிடிபிஓ-ன்னு குடு, அவ்ளோதான். பின்னாடி ஆண்ட்ராய்டுக்குத் திரும்புனா முழு ஃபாஸ்ட்பூட் ரோம் போடணும், அப்ப அது தானா திரும்பி வந்துரும்.

---

மாட்டுத்தாவணி_மணி
புதன், இரவு 1:31

லோகோ போயிருச்சு! ஆனா இப்ப ஒண்ணுமே வரல. கறுப்பு. லைட் கூட எரியல. செத்துப்போச்சா?

---

தூசிதட்டி
வியாழன், காலை 6:10

பேனல் எதுன்னு பாத்தியா?

போன அப்டியே கம்ப்யூட்டர்ல மாட்டி வச்சு ரெண்டு நிமிஷம் பொறு. யூஎஸ்பி வழியா ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி தோணும். 172.16.42.1-க்கு எஸ்எஸ்ஹெச் பண்ணு, யூசர் பேரு யூசர், பாஸ்வேர்டு 147147. உள்ள போச்சுன்னா போன் உயிரோட நல்லா இருக்கு, கண்ணு மட்டும் தெரியல.

---

மாட்டுத்தாவணி_மணி
வியாழன், மாலை 6:45

அக்கா போயிருச்சு!!! உள்ள போயிருச்சு!!! டிஸ்ப்ளே கறுப்பா கெடக்கு, ஆனா லேப்டாப்ல அந்த போனோட ப்ராம்ப்ட் வந்து நிக்குது, யூநேம் குடுத்தா புது கர்னல் நம்பர் காட்டுது. கை நடுங்கிருச்சு.

உண்மைய சொல்லிர்றேன், பேனல் பாக்கல. பிரெண்டு ஒருத்தன் கிட்ட எஃப்1 இருக்கு, அதே மாசம் வாங்கினது, அவன் தியான்மான்னு சொன்னான், அதனால நானும் தியான்மா போட்டேன். அப்புறம் தான் மண்டைல உறைச்சுது, எங்க டிஸ்ப்ளே தான் கடைல மாத்துனதாச்சே, அவர் எந்த பேனல மாட்டுனாரோ யாருக்குத் தெரியும். ரெக்கவரிய ஃபாஸ்ட்பூட்ல இருந்தே பூட் பண்ணி சிஎம்டிலைன் பாத்தேன், ஈபிபிஜி. அந்த இமேஜ போட்டேன், ஃபாஷ்னு அதோட முகப்பு ஸ்கிரீன் வந்து பின் நம்பர் கேட்டுச்சு. அந்த நம்பர போட்டு உள்ள போயி மொத வேலையா டெர்மினல தொறந்து அப்பாவ கூப்ட்டு காட்டுனேன். "இதுல வாட்ஸ்அப் வருமா"ன்னாரு. வராதுன்னேன். போயிட்டாரு.

இப்ப வைஃபைல சேத்தாச்சு, சின்க்திங் போட்டாச்சு, அம்மா போன்ல சின்க்திங் ஃபோர்க் ஆப் போட்டு கேமரா ஃபோல்டர குடுத்துட்டேன், நைட்டு பூரா ஓடி 11 ஜிபி வந்து சேந்துருச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, ஃபயர்ஃபாக்ஸ்ல தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வருது. இன்னொண்ணு, இத எப்பவும் சார்ஜர்லயே வச்சிருந்தா பேட்டரி வீங்குமா?

அப்புறம் பேக்கேஜ் மேனேஜர் (சாஃப்ட்வேர் எறக்கிப் போடுற டூல்) பேரு ஏபிகே-ன்னு இருக்கு, நான் ஆண்ட்ராய்டு ஏபிகே-ன்னு நெனச்சு ஒரு ஆப் ஃபைல எறக்கி அதுக்குக் குடுத்துப் பாத்தேன், திட்டுச்சு.

---

தூசிதட்டி
வியாழன், இரவு 10:05

அந்த ஏபிகே கொழப்பம் எல்லாருக்கும் வர்றது தான். ஆல்பைனோட பேக்கேஜ் மேனேஜருக்கும் அதே மூணு எழுத்து, ஆண்ட்ராய்டுக்கும் இதுக்கும் சம்மந்தமே கெடையாது.

கட்டம் வர்றது எழுத்துரு இல்லாததால மட்டும் தான். ஏபிகே ஆட் குடுத்து ஃபான்ட்-நோட்டோ-தமிழ்-னு போடு, ஃபயர்ஃபாக்ஸ மூடித் தொற. கொம்பு, கால் எல்லாம் சரியா சேந்து வரும். ஆல்பைன்ல மசல்-னு வேற லைப்ரரி இருக்கறதால, கம்பெனி சைட்ல இருந்து நேரா எறக்குற லினக்ஸ் சாஃப்ட்வேர் சிலது ஓடாது, "ஃபைலே இல்ல"ன்னு பொய் சொல்லும். ஃபைல் இருக்கும், அது தேடுற லைப்ரரி தான் இருக்காது. அப்ப ஃப்ளாட்பேக்ல (தேவையான லைப்ரரியோட சேந்தே வர்ற ஆப் வடிவம்) இருக்கான்னு பாரு.

பேட்டரி தான் நீ நெஜமா கவலைப்பட வேண்டியது. 7 வருஷம் தாண்டுன பேட்டரி, 24 மணி நேரமும் 100-லயே நின்னுட்டு, மதுரை வெயில்ல, ரௌட்டர் மேல சூடா உக்காந்துருந்தா வீங்கத்தான் செய்யும். எஃப்1-க்கு பிளாஸ்டிக் முதுகு, ஓரத்துல லேசா தூக்குதான்னு வாரம் ஒரு தடவ விரல் வச்சுப் பாரு. தூக்குனா அன்னிக்கே அணைச்சு கடைல குடுத்து பேட்டரிய மாத்து, நீயா குத்தி நோண்டாத. எலக்ட்ரிக்கல் கடைல மீன் தொட்டிக்கு போடுற டைமர் பிளக் கெடைக்கும், அத வாங்கி காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு வை. எத்தன மணி நேரம் தாங்குதுன்னு பாத்து கூட்டிக் கொறச்சுக்க. ரௌட்டர் மேல வைக்காத, பக்கத்துல சுவத்துல ஒரு ஆணி அடிச்சு பழைய கவர்ல தொங்க விடு, காத்து படும்.

அப்புறம் 147147-ஐ இன்னிக்கு நைட்டே மாத்து. அந்த பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்.

இன்னொண்ணு, அம்மா போன்ல போட்டோவ அழிச்சா இங்கயும் அழியும். சின்க்திங் பேக்கப் இல்ல, கண்ணாடி மாதிரி. அம்மா "மெமரி ஃபுல்"னு அழிக்கத்தான் போறாங்க. அதனால போன்ல இருக்குற ஃபோல்டர "அனுப்ப மட்டும்"னு வச்சு, இங்க "டெலீட்ட கண்டுக்காத"ங்கிற ஆப்ஷன போடு, இல்லைன்னா ஃபைல் வெர்ஷனிங்க ஆன் பண்ணு. மாசத்துக்கு ஒரு தடவ ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடு. 64 ஜிபி எத்தன நாளைக்கு வரும்?

---

மாட்டுத்தாவணி_மணி
வெள்ளி, காலை 8:15

தமிழ் வந்துருச்சு. பாஸ்வேர்டு மாத்திட்டேன். அழிக்கிற மேட்டர் நல்லவேள சொன்னீங்க, நேத்து நைட்டு அம்மா "எல்லாம் அங்க போயிருச்சுல்ல, அழிச்சுரவா"ன்னு கேட்டாங்க, ஓடிப்போயி போன புடுங்கி வச்சேன்.

---

சாம்பல்நிறப்_பூனை
சனி, மதியம் 3:22

நடுவுல பூந்து கேக்குறேன், மன்னிக்கணும். என்கிட்ட வேற கம்பெனி போன் ஒண்ணு, 4 ஜிபி ரேம், 2019 மாடல். டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ஓஇஎம் அன்லாக்கிங்னு ஒரு வரியே காணோம். அதுல இது போட முடியுமா?

---

வேலையப்_பாருப்பா
சனி, மாலை 4:10

அந்த வரியே இல்லைன்னா பெரும்பாலும் பூட்டு தொறக்காது. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் விக்கில உங்க மாடலோட கோட்நேம் போட்டுத் தேடிப் பாருங்க, எஃப்1-க்கு பெரிலியம்-னு இருக்கற மாதிரி உங்களுதுக்கும் ஒண்ணு இருக்கும். பக்கமே இல்லைன்னா நேரத்த வீணாக்காதீங்க. "அன்லாக் பண்ணித் தர்றேன் 500 ரூபா"ன்னு மெசேஜ் போடுறவன் கிட்டயும் போயிறாதீங்க.

டெர்மக்ஸ், எஃப்-டிராய்ட். நான் மொதல்லயே சொன்னது தான்.